வாசகர் கேள்வி – பதில்: மருத்துவ நூலகரும் இணையமும்

சென்ற இதழில், நோயைப் பற்றி இணையத்தில் தேடுகிறவர்கள் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று எழுதியிருந்தேன். அதில், 'இணையம் நம் வீட்டுக்கு வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே மருத்துவ நூலகர்கள் தொலைவிலுள்ள கணினியில் தேடிக்கொண்டிருந்தார்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தமில்லை. ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1990களில்தானே இணையம் பரவியது? அதற்கு முன்பே நூலகர்கள் 'ஆன்லைனில்' தேடினார்கள் என்பது எப்படிப் பொருந்தும்?
— நூலகவியல் மாணவி, மதுரை

ஆன்லைன் என்பதும் இணையம் என்பதும் இன்று ஒரே பொருளில் வழங்குவதால் வருகிற ஐயம் இது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துப் பெதஸ்டாவில் உள்ள தேசிய மருத்துவ நூலகம், உலக மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளைப் பொருள்வாரியாக அட்டவணைப்படுத்தி 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற பெயரில் அச்சிட்டு வந்தது. 1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கி வைத்த வேலை அது. கட்டுரைகள் பெருகப் பெருக, அந்த அட்டவணையைத் தயாரிக்கும் பணியை 1964இல் கணினிக்கு மாற்றினார்கள். 'மெட்லார்ஸ்' என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். ஆனால் அப்போது தேடல் என்பது அஞ்சல் வழியாக நடந்தது. மருத்துவர் தம் கேள்வியை எழுதி அனுப்புவார். பயிற்சி பெற்ற ஒருவர் அதைக் கணினிக்கு ஏற்ற வடிவில் மாற்றுவார். பல கேள்விகளை ஒன்றுசேர்த்துக் காந்த நாடாவை ஓடவிடுவார்கள். சில வாரங்கள் கழித்து அச்சிட்ட பட்டியல் வந்து சேரும்.

1970இல், சுமார் நூறு ஆங்கில இதழ்களை மட்டும் வைத்துக்கொண்டு, டெலிடைப் கருவி வழியாக நேரடியாகத் தேடும் சோதனை நடந்தது. அது தந்த துணிவில் 1971 அக்டோபரில் 'மெட்லைன்' என்ற நேரடித் தேடல் சேவை தொடங்கியது. ஒரே நேரத்தில் 25 பேர் வரை தேடலாம் என்பது அன்று பெரிய செய்தி. அடுத்த ஆண்டே டிம்நெட் என்ற வணிக வலையமைப்பின் வழியாக, அமெரிக்காவின் பல ஊர்களிலிருந்து உள்ளூர் அழைப்பிலேயே பெதஸ்டாவின் கணினியைத் தொட முடிந்தது. இதில் எதுவும் இன்றைய இணையம் அல்ல. ஆனால் தொலைபேசிக் குழலைக் கையில் எடுத்து, எண்ணைச் சுழற்றி, எங்கோ உள்ள ஒரு தரவுத்தளத்தோடு கேள்வியும் பதிலுமாக உரையாடுவது மருத்துவ நூலகர்களுக்கு 1970களிலேயே அன்றாட வேலையாகிவிட்டது.

அந்த மேசை எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரை கிடையாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தின் 'சைலண்ட் 700' போன்ற ஒரு முனையம் இருக்கும். தட்டச்சுப் பொறி போன்ற உடல். பின்புறம் வெப்பத்தால் கருக்கும் காகிதச் சுருள். மேலே தொலைபேசிக் குழலின் இரு முனைகளையும் அழுத்திப் பொருத்த இரண்டு ரப்பர் குழிகள். வினாடிக்கு 30 எழுத்துகள் என்ற வேகத்தில் பதில் வரும். நாம் படிக்கிற வேகத்தைவிட அது சற்றுத்தான் கூடுதல். கணினி பேசுகிற வரியின் தொடக்கத்தில் 'புரோக்' என்றும், நம் முறை வந்ததும் 'யூசர்' என்றும் அச்சாகும். அந்தத் தேடல் மென்பொருளுக்கு 'எல்ஹில்' என்று பெயர். மருத்துவ நூலகங்களுக்கு நிதி கிடைக்கப் பாடுபட்ட செனட்டர் லிஸ்டர் ஹில்லின் நினைவாக வைத்தது. அவருக்கே அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் பெயரைத்தான் பெற்றோர் வைத்திருந்தார்கள் என்பது கூடுதல் தகவல்.

இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம் ஓடியது. ஆகவே தேடல் நடந்தது முனையத்தில் அல்ல, அதற்கு முன் காகிதத்தில். ஒரு மருத்துவர் வந்து 'சர்க்கரை நோயில் கண் பாதிப்பு பற்றி எல்லாம் வேண்டும்' என்பார். எல்லாம் என்றால் வண்டி நிறையக் காகிதம் வரும் என்பது நூலகருக்குத் தெரியும். விழித்திரையா, கண்புரையா? சிகிச்சையா, நோய் வரும் விதமா? ஒளிக்கற்றையால் பொசுக்கும் முறை மட்டுமா? பெரியவர்களா, சிறுவர்களா? இப்படிப் பத்து நிமிடம் பேசிய பிறகுதான் உண்மையான கேள்வி வெளியே வரும். அதன் பின் 'மெஷ்' எனப்படும் மருத்துவப் பொருள் தலைப்புகளின் தொகுதியைப் புரட்டி, 'டயாபடிக் ரெட்டினோபதி' என்பது ஒரு தலைப்பு, 'லைட் கோயாகுலேஷன்' என்பது இன்னொரு தலைப்பு, இரண்டும் சேர்ந்து வரும் கட்டுரைகள் மட்டும் போதும் என்று வரி வரியாக எழுதிவைத்துக்கொண்டு, அதற்குப் பிறகே எண்ணைச் சுழற்றுவார்கள். இப்படி இருபது ஆண்டுகள் பழகியவர்கள் கையில்தான் 1990களில் இணையம் வந்து சேர்ந்தது.

அப்படியானால் இணையம் அவர்களுக்குப் புதிதாக என்ன கொடுத்தது? வலைத்தளங்கள் வருவதற்கு முன் அதில் பார்க்க என்ன இருந்தது?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பார்க்க அதிகம் இல்லை. அனுப்பவும் பேசவும் நிறைய இருந்தது. என் எண்ணத்தில், முதலில் வந்த பெரிய பயன் மின்னஞ்சல்தான். மருத்துவமனை நூலகர் என்பவர் பெரும்பாலும் தனியாள். பத்து நூலகர்கள் உள்ள பல்கலைக்கழகத்தில் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ளலாம். இருநூறு படுக்கை உள்ள மருத்துவமனையின் அடித்தளத்து அறையில் ஒற்றை ஆளாக இருப்பவர் யாரைக் கேட்பது? 1991இல் பஃபலோ பல்கலைக்கழகத்துக் கணினியிலிருந்து மருத்துவ நூலகர்களுக்கென்றே ஒரு மின்னஞ்சல் குழு இயங்கத் தொடங்கியது. 'இந்த இதழின் இந்தப் பக்கம் எங்கள் தொகுதியில் கிழிந்திருக்கிறது, உங்களிடம் உள்ளதா?' என்று காலையில் எழுதினால் மாலைக்குள் வேறொரு மாநிலத்திலிருந்து விடை வரும். கேள்விக்குப் பதில் தெரியாத நூலகர் என்ற நிலை அந்த நாளோடு பெருமளவு மாறிவிட்டது என்றே சொல்வேன்.

அடுத்தது கட்டுரையின் நகல். மெட்லைன் கட்டுரையின் விவரத்தைத் தரும், கட்டுரையைத் தராது. 1985இல் தேசிய மருத்துவ நூலகம் 'டாக்லைன்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தது. ஒரு நூலகம் கேட்கும் கட்டுரை எந்தெந்த நூலகங்களில் இருக்கிறது என்று கணினியே பார்த்து, முதல் நூலகத்துக்குக் கோரிக்கையை அனுப்பும். அங்கு இல்லையென்றால் அடுத்ததற்குத் தானாகப் போகும். கோரிக்கை நொடியில் போனாலும், நகல் அஞ்சலிலோ தொலைநகலிலோதான் வரவேண்டியிருந்தது. தொலைநகலில் எக்ஸ்ரே படங்களும் திசுப் படங்களும் கரிப்பூச்சாக வந்து சேரும். 1991இல் ரிசர்ச் லைப்ரரீஸ் குரூப் வெளியிட்ட 'ஏரியல்' என்ற மென்பொருள் இதை மாற்றியது. கட்டுத் தொகுதியை ஒளிவருடியின் மேல் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, அந்தப் படக்கோப்புகளை இணையம் வழியாகவே எதிர்முனை நூலகத்தின் கணினிக்கு அனுப்பினால், அங்கே லேசர் அச்சுப்பொறியில் தெளிவாக வந்து விழும். படத்தில் நிழலும் வெளிச்சமும் பிரிந்து தெரியும் என்பது அறுவை மருத்துவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, தொலைவில் உள்ள நூலகத்தின் அட்டவணைக்குள் நுழைவது. டெல்நெட் என்ற கட்டளை மூலம் பெதஸ்டாவின் கணினிக்குள் போய், பயனர் பெயர் கேட்கும் இடத்தில் 'லொகேட்டர்' என்று தட்டினால், அந்த நூலகத்தில் உள்ள புத்தகங்களின் அட்டவணை கட்டணமின்றித் திறக்கும். 1991இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து கோபர் வந்தது. பட்டியலுக்குள் பட்டியலாக இறங்கிப் போகும் முறை அது. வகைப்படுத்தியே பழகிய நூலகர்களுக்கு அது கையோடு ஒட்டிக்கொண்டது. வலைத்தளம் வந்து கோபரை ஓரங்கட்டியபோது உண்மையாக வருந்தியவர்கள் அவர்களாகத்தான் இருக்கும். 1992இல், அறிவியல் முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கமும் நூலகங்களின் கூட்டமைப்பான ஓசிஎல்சியும் சேர்ந்து 'ஆன்லைன் ஜர்னல் ஆஃப் கரண்ட் கிளினிகல் டிரையல்ஸ்' என்ற, அச்சு வடிவமே இல்லாத ஆய்விதழைத் தொடங்கின. 1993இல் தேசிய மருத்துவ நூலகமே 'ஹைப்பர்டாக்' என்ற பெயரில் வலைத்தளம் திறந்தது.

கூகுள் இல்லாத காலத்தில் எந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?
— வாசகர், நாகர்கோவில்

நூலகர்கள் பட்டியல் போட்டார்கள். இதைவிடச் சுருக்கமாக வேறு பதில் இல்லை. கான்சஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலிருந்து உடல்நலம் தொடர்பான இணைய வளங்களின் நீண்ட பட்டியல் ஒன்று கோப்பாகச் சுற்றிவந்தது. அதை அச்சிட்டுக் கோத்து மேசையில் வைத்திருந்தவர்கள் உண்டு. எமரி பல்கலைக்கழக நூலகம் 'மெட்வெப்' தொகுத்தது. அயோவாவின் ஹார்டின் நூலகம், பட்டியல்களுக்கே ஒரு பட்டியல் போட்டது. பிரிட்டனில் நாட்டிங்ஹாமிலிருந்து 'ஓம்னி' 1995இல் தொடங்கியது. இவற்றில் ஓம்னியை நான் மிகவும் மதிப்பேன். ஒரு தளத்தைச் சேர்ப்பதற்கு முன், அதை யார் நடத்துகிறார், எப்போது புதுப்பித்தார் என்று பார்த்து, இரண்டு மூன்று வரிகளில் விளக்கமும் எழுதி, மெஷ் தலைப்பும் கொடுத்தார்கள். புத்தகத்துக்குச் செய்ததை வலைப்பக்கத்துக்கும் செய்தார்கள், அவ்வளவுதான். 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ், எழுதியவர் யார், ஆதாரம் என்ன, உடைமையும் நிதியும் யாருடையவை, எப்போதைய தகவல் என்ற நான்கையும் ஒவ்வொரு மருத்துவத் தளமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று எழுதியபோது, நூலகர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. சென்ற இதழில் நான் வாசகர்களுக்குச் சொன்னதும் அதே நான்கைத்தான்.

மெட்லைன் இலவசமானதும் மருத்துவரே தேடிக்கொள்ளலாமே. நூலகருக்கு என்ன வேலை மிச்சம்? நம் நாட்டில் அந்த மாற்றம் எப்படி வந்தது?
— மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், திருச்சி

மருத்துவரே தேடுவது இலவசத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1986இல் தேசிய மருத்துவ நூலகம் 'கிரேட்ஃபுல் மெட்' என்ற மென்பொருளை முப்பது டாலருக்கும் சற்றுக் குறைவான விலையில் வெளியிட்டது. கேள்வியைப் படிவத்தில் நிரப்பினால், தானாகவே எண்ணைச் சுழற்றி, தேடி, விடையை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும்; கட்டணம் மிச்சம். கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழுவின் பெயரைத் திருப்பிப் போட்ட பெயர் அது. நூலகர்களுக்கு நகைச்சுவை இல்லை என்பவர்களிடம் நான் இதைச் சொல்வது வழக்கம். 1994இல் எய்ட்ஸ் தொடர்பான தரவுத்தளங்களுக்கு மட்டும் கட்டணத்தை நீக்கினார்கள். நோயாளிகளும் அவர்களுக்காக உழைப்பவர்களும் தாங்களே படித்துத் தெரிந்துகொள்ளப் போராடிய நோய் அது. கதவு முதலில் அங்கே திறந்ததில் வியப்பில்லை. 1996 தொடக்கத்தில், மெட்லைனை வலைத்தளம் வழியாகவே தேட உதவும் 'பப்மெட்' சோதனை வடிவில் வந்தது. 1997 ஜூன் 26 அன்று, துணைக் குடியரசுத் தலைவர் அல் கோர் வாஷிங்டனில் அதை எல்லோருக்கும் இலவசமென்று அறிவித்தார். நூலகத்தின் இயக்குநராக இருந்த டொனால்ட் லிண்ட்பெர்க்கின் நெடுநாள் முயற்சியும் அதில் இருந்தது. பொதுமக்களும் பெருமளவில் வந்து தேடுவதைப் பார்த்து, அவர்களுக்கென்று எளிய மொழியில் 'மெட்லைன்பிளஸ்' 1998 அக்டோபரில் தொடங்கப்பட்டது.

நம் நாட்டில் 1986லேயே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் இணைந்து, டெல்லியில் உயிர்மருத்துவத் தகவலுக்கான மையத்தை நிறுவின. 'இந்திய மெட்லார்ஸ் மையம்' என்றே அதை அழைப்போம். 1990களில் மெட்லைன் குறுந்தட்டாக வந்து பல கல்லூரிகளின் நூலகத்தில் ஒரு கணினியும் ஒரு வரிசையுமாக இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டுரை வேண்டுமென்றால் அச்சிட்ட அஞ்சலட்டையில் தலைப்பை நிரப்பி, எழுதியவருக்கே அனுப்பி, மறுபதிப்பு கேட்போம். இரண்டு மாதம் கழித்துப் பழுப்பு உறை வரும். வந்தால் வரும். 1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் பொது இணைய இணைப்பைச் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது.

எங்கள் நூலகத்துக்குக் கிடைத்தது எழுத்து மட்டுமே தெரியும் ஷெல் கணக்கு. பப்மெட் இலவசமான செய்தி கேட்டு, ஒரு மாலை நேரத்தில் மோடத்தைப் போட்டு, கீச்சுக் குரல் அடங்கி இணைப்பு கிடைத்ததும், குழந்தைகள் மருத்துவத் துறைத் தலைவரையும் அழைத்து உட்கார வைத்தேன். முதல் பட்டியல் பாதி வந்துகொண்டிருந்தபோது, அலுவலக எழுத்தர் அதே தொலைபேசியின் இன்னொரு இணைப்பில் குழலை எடுத்துவிட்டார். இணைப்பு அறுந்தது. துறைத் தலைவர் சிரித்துவிட்டு, 'பரவாயில்லை சார், இதுவரை வந்ததே எனக்குப் போதும்' என்றார். வந்திருந்தது பதினொரு கட்டுரைகளின் விவரம். அஞ்சலட்டை முறையில் அந்தப் பதினொன்றைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

நூலகருக்கு என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். விசைப்பலகை கைமாறியது, கேள்வி கைமாறவில்லை. 'சர்க்கரை நோய், கண்' என்று இரண்டு சொற்களைத் தட்டி, வந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களை நான் பணி ஓயும் வரை பார்த்தேன். 1980களில் காசு ஓடுகிறதே என்ற பயத்தில் நடந்த அந்தப் பத்து நிமிட உரையாடல், இலவசமானதும் காணாமல் போய்விட்டது. இலவசத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த உரையாடலுக்கு இனி யாரும் நூலகரிடம் வரப்போவதில்லை என்று நாமே முடிவு செய்து, பல கல்லூரிகளில் அந்தப் பணியிடத்தை நிரப்பாமல் விட்டதைத்தான் குறை சொல்கிறேன்.

எங்கள் நூலகத்தில் உள்ள பழைய இண்டெக்ஸ் மெடிக்கஸ் தொகுதிகளை எடைக்குப் போடச் சொல்கிறார்கள். எல்லாம் இணையத்தில்தான் இருக்கிறதாமே, போடலாமா?
— கல்லூரி நூலகர், சேலம்

2001 ஜூனில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வில், உடல்நலத்தோடு இருந்த 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர் ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசித்து, நுரையீரல் செயலிழந்து இறந்துபோனார். ஆய்வாளர் முன்கூட்டியே பப்மெட்டில் தேடியிருந்தார். ஆனால் அன்றைய பப்மெட் 1966இலிருந்துதான் தொடங்கியது. அந்த மருந்து இரத்த அழுத்தத்துக்குப் பயன்பட்ட 1950களில், அது நுரையீரலைப் பாதித்ததைப் பற்றிய கட்டுரைகள் வெளிவந்திருந்தன. அவை அச்சு அட்டவணைகளில் இருந்தன. செய்தி வெளியானதும் மருத்துவ நூலகர்கள் தங்கள் மின்னஞ்சல் குழுவில், எந்தக் கட்டுரை எங்கே கிடைக்கும் என்று ஒருவருக்கொருவர் எடுத்துக் காட்டினார்கள். அடுத்த மாதம், அரசு நிதியில் அங்கு நடந்த மனித ஆய்வுகளைக் கூட்டரசு நிறுத்திவைத்தது.

அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. பப்மெட்டில் இன்று 1940களின் நடுப்பகுதி வரை பழைய பதிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள். இண்டெக்ஸ் மெடிக்கஸின் அச்சும் 2004 இறுதியோடு நின்றுவிட்டது. ஆகவே உங்களிடம் இருப்பவை 1940களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய தொகுதிகள் என்றால், இடமும் இல்லையென்றால், தயங்காமல் போடலாம். போடுவதற்கு முன் உங்கள் கல்லூரியில் தேடுகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: அந்தப் பழைய பதிவுகளில் சுருக்கம் இருக்காது, தலைப்பில் உள்ள சொல்லே துணை. ஆகவே இன்றைய நோய்ப் பெயரைத் தட்டினால் வராதது, அக்காலத்துப் பெயரைத் தட்டினால் வரும்.

எடைக்காரர் வரும் நாளில் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். இண்டெக்ஸ் மெடிக்கஸுக்கு அடுத்த அலமாரியில் 1950களின் ஆய்விதழ்க் கட்டுத் தொகுதிகள் இருக்கும். ஒரே நிறத் துணி அட்டை, ஒரே தூசி. அவற்றில் பலவற்றின் முழுக் கட்டுரை இன்றும் கட்டணத்துக்குள் பூட்டியே கிடக்கிறது. அவற்றைத் தொட விடாதீர்கள்.